திருகோணமலையின் வெளிச்சமும் அதைப் பிடிக்கும் தொழிலும்

திருகோணமலை நகரத்தின் கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கிலும் தெற்கிலும் உட்துறைமுகத்தின் அலையற்ற நீர். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில்தான் கடைத்தெருவும் கோயில்களும் பள்ளிகளும் இருக்கின்றன. படம்பிடிப்பவருக்கு இந்த அமைப்பு ஒரு பெரிய வசதி. சூரியன் கடலிலிருந்து எழுவதையும், நீருக்கு மேலாகவே சாய்ந்து மறைவதையும் ஒரே நாளில், ஒரே ஊருக்குள், நடந்துபோகும் தூரத்தில் எடுத்துவிடலாம். காலையில் டச்சுக் குடாக் கடற்கரை, மாலையில் உட்துறைமுக வீதி. இலங்கையின் பெரும்பாலான கரையோர ஊர்களில் இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும்.

வசதி உண்டு, நேரம் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கும் ஊரில் சூரியன் சரிவாக ஏறுவதில்லை, ஏறக்குறைய நேர்க்குத்தாக ஏறுகிறது. மணிக்குப் பதினைந்து பாகை அளவில் அது உயர்கிறது. விடியலுக்கு முந்திய நீல வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அதன்பின் வரும் மஞ்சள் வெயில் முக்கால் மணி நேரம் நின்றால் அது நல்ல நாள். ஐரோப்பியப் பாடநூல்கள் விவரிக்கும் நீண்ட அந்திப் பொழுதை நம்பி வேலையைத் திட்டமிட்டால் இங்கே பாதிப் படம் வராது. காலை ஒன்பது மணிக்கே முகத்தில் கண்குழி கறுக்கத் தொடங்கும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சிக்கு நேர்மேலே வரும். அந்த நாட்களின் நண்பகலில் நட்ட கம்புக்கும் நிழல் விழாது. நிற்கும் மனிதருக்கோ மூக்கின் நிழல் உதட்டில் விழும்.

பருவமும் வெளிச்சத்தை மாற்றுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து வறண்டு வீசும். வானம் வெளுத்துத் தூசு மண்டியிருக்கும். தூரத்துக் குன்றுகள் படத்தில் சாம்பல் தட்டும். வாடைக்காற்றோடு மழை வரும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான காலத்தைச் சுற்றுலாக்காரர் தவிர்ப்பார்கள். உருவப்படம் எடுப்பவர் தவிர்க்கத் தேவையில்லை. மேகம் வெயிலை வடித்துத் தரும் அந்த மாதங்களில்தான் முகங்கள் முழுமையாகத் தெரிகின்றன.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை கடலிலிருந்து முந்நூறு அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. அதன் செங்குத்து முகம் கிழக்கே பார்க்கிறது. ஆகவே பாறையின் சொரசொரப்பும் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் ஆழமும் காலை வெயிலில் மட்டுமே துலங்கும். பிற்பகலில் மலை தன் நிழலிலேயே நின்றுவிடும். பின்னால் கடல் பளிச்சிட, பாறை கரிய மொத்தையாகப் பதியும். மதியத்துக்குப் பின் வந்து இறங்கும் பேருந்துப் பயணிகள் எடுக்கும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கமராவின் ஒளிமானி உலகத்தைச் சராசரிச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் அளக்கிறது. தன்மேல் படும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் ஒரு பரப்பே அதன் அளவுகோல். நிலாவெளியின் வெண்மணலை அதற்குக் காட்டினால், வெளிச்சம் மிகுதி என்று நினைத்து ஷட்டரை விரைவாக மூடிவிடும். மணல் சாம்பலாகும், அதில் கரைவலை இழுக்கும் மனிதர் முகம் இருண்டு போகும். பழைய தொழிலாளர் இதற்கு ஒளிமானியையே நம்பாமல் ஒரு விதியை வைத்திருந்தார்கள். தெளிந்த வெயிலில் லென்ஸின் துவாரத்தை எஃப் 16இல் வைத்து, பிலிமின் வேக எண்ணுக்கு நிகரான ஷட்டர் வேகம் கொடுப்பது: 100 வேகப் பிலிமுக்கு நூறில் ஒரு பங்கு விநாடி அல்லது அதற்கு அடுத்த எண். மணலும் நீரும் சேர்ந்து பளிச்சிடும் இடத்தில் எஃப் 22. இந்த விதி டிஜிட்டல் கமராவிலும் மாறாமல் வேலை செய்கிறது. மாறியது ஒன்றுதான். நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், டிஜிட்டல் தாங்காது. வெடித்து வெள்ளையாகிப்போன இடத்தில் பிறகு தேடி எடுக்க ஒன்றும் இருக்காது.

இந்தக் கணக்கு கலியாண வீட்டில்தான் உண்மையான சோதனைக்கு வருகிறது. மாப்பிள்ளை வெள்ளை வேட்டியும் பட்டுச் சால்வையும், பெண்ணுக்குச் சரிகை மின்னும் கூறை, இருவரின் முகமும் கருமையிலிருந்து மாநிறம் வரை. துணியை நம்பி அளந்தால் முகம் போகும், முகத்தை நம்பி அளந்தால் சரிகை போகும். தேர்ந்தவர்கள் முகத்தையே அளப்பார்கள், அதுவே சரி. சரிகையின் ஒரு ஓரம் வெளுத்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. தாயின் முகம் இருண்ட படத்தை எந்தப் பிள்ளையும் சுவரில் மாட்டாது.

கறுத்த தோல் படத்தில் கெட்டுப்போவது தோலின் குற்றமல்ல. கருவியை வடிவமைத்தவர்களின் பார்வை அப்படி இருந்தது. வண்ணப் படங்களை அச்சிடும் ஆய்வுகூடங்கள் 1950கள் தொடங்கிப் பல பத்தாண்டுகள், கோடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷேர்லி’ அட்டைகளை வைத்தே தங்கள் இயந்திரங்களைச் சரிசெய்தன. அந்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்பது விதி. கறுத்த முகங்களில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய, மற்றதெல்லாம் ஒரே இருளாக விழுந்தது. அந்த மக்கள் முறையிட்டபோது மாறாத பிலிம், சொக்லேட் செய்பவர்களும் மரத் தளபாடம் விற்பவர்களும் தங்கள் விளம்பரப் படங்களில் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று சொன்ன பிறகே திருந்தத் தொடங்கியது. நம் வீட்டு அல்பங்களில் பாட்டன் பாட்டியர் இருந்த நிறத்தைவிடக் கறுத்துப்போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ஸ்டூடியோக்காரர்கள் பவுடரை அள்ளிப் பூசியதும், நெகட்டிவில் பென்சிலால் முகத்தை வெளுக்க வைத்ததும், அழகைப் பற்றிய ஊரின் எண்ணத்தால் மட்டும் நடந்தவையல்ல. பிலிமின் குறையைக் கையால் ஈடுகட்டிய வேலையும் அதில் உண்டு.

கறுத்த தோலுக்குத் தேவை நேரே முகத்தில் அறையும் பிளாஷ் அல்ல. அது நெற்றியிலும் மூக்கு நுனியிலும் எண்ணெய்ப் பளபளப்பை மட்டும் எழுப்பும். பெரிய பரப்பிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சம் தேவை. வெள்ளைக் குடை, துணி போர்த்திய பெட்டி விளக்கு, இவை இல்லாத இடத்தில் வெள்ளையடித்த சுவரில் பிளாஷைத் திருப்பித் தெறிக்க விடுவது, சாமத்தியவீட்டுக்கு வாடகைக்கு எடுத்த மண்டபமானால் ஒரு வெள்ளை விரிப்பைப் பிடித்து நிற்கும் உதவியாள் என எதுவும் உதவும். வெளிச்சத்தின் தோற்றுவாய் எவ்வளவு பெரிதோ, எவ்வளவு அருகிலோ, நிழல் அவ்வளவு மென்மை. இருக்கும் உத்திகள் எல்லாம் இந்த ஒரு விதியின் பிள்ளைகள்.

மண்டபங்களில் இப்போது புதிய தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. மணவறைக்குப் பின்னால் எல்.ஈ.டி விளக்குகள், ஒன்று நீலம், ஒன்று ஊதா. ஓமத் தீயின் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 1,900 கெல்வின், பிளாஷினுடையது 5,500. இரண்டையும் ஒரு படத்தில் சமன் செய்ய, பிளாஷின் முன்னால் மஞ்சள் தாள் ஒட்டுவது பழைய வழி. நீலமும் ஊதாவும் கலந்த பின் அதுவும் உதவாது. நாட்டின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் ஓடுவதால் மலிவான விளக்குகள் விநாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டரை வேகமாக்கினால் படத்தில் கறுப்புப் பட்டைகளாக வந்து நிற்கும். ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு விநாடியில் நிறுத்தினால் பட்டை மறையும். தாலி கட்டும் அந்தச் சில விநாடிக்கு முன்னரே இதைச் சோதித்து வைப்பது தொழிலின் ஒழுங்கு. கெட்டிமேளம் இரண்டாம் தடவை கொட்டாது.

கருவிகளுக்கு இந்த ஊரில் முதல் எதிரி உப்பு. கடற்காற்றில் மிதக்கும் உப்புத் துகள், காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து, லென்ஸின் வளையத்துக்குள்ளும் பிளாஷ் பூட்டும் உலோகத் தொடுகைகளிலும் போய்ப் படிகிறது. அங்கே கமரா பேசும் மொழி மின்சாரம். தொடுகையில் பச்சை பூத்தால் பேச்சு நின்றுவிடும். கரையில் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது தவறு. உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும், பிறகுதான் உலர் துணி. லென்ஸின் முன்னால் ஒரு காப்புக் கண்ணாடி எப்போதும் இருப்பது நல்லது. அதை மாற்றலாம், லென்ஸை மாற்றுவது ஒரு பருவத்து வருமானம்.

இரண்டாவது எதிரி பூஞ்சணம். ஈரப்பதன் அதிகமாக இருக்கும் ஊரில் இருட்டு அலுமாரிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸில் சிலந்தி வலைபோல அது படரும். கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். நாற்பதிலிருந்து ஐம்பது சதவீத ஈரப்பதனில் வைக்கும் மின் அலுமாரி இதற்கு நல்ல மருந்து. அது இல்லாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளை இட்டு, அவ்வப்போது சூடாக்கி உலர்த்திப் பயன்படுத்துகிறார்கள். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து உச்சி வெயிலுக்குக் கமராவை நேரே கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க நீர் பூக்கும். பைக்குள் மூடியபடி அரை மணி நேரம் வெளியில் வைத்த பின் எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

கடலுக்கு மேலே இவ்வளவு என்றால், கடலுக்கு அடியில் வெளிச்சத்தின் விதியே வேறு. நீர் சிவப்பை முதலில் குடிக்கிறது. ஐந்து மீட்டரில் சிவப்பு மங்கி, பத்து மீட்டரில் பெரும்பாலும் போய்விடும். செம்பவளம் சாம்பலாகத் தெரியும். நீரில் ஒளி வளைவதால் பொருட்கள் உள்ளதைவிடக் கால் பங்கு அருகிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். இந்தக் கணக்குகளைத் திருகோணமலையில் முதல் முதலில் பெரிய அளவில் கையாண்டவர்கள் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். 1956இல் இலங்கையில் குடியேறிய கிளார்க், விண்வெளிக் கதைகளால் உலகம் அறிந்த எழுத்தாளர். வில்சன் நீரடிப் படப்பிடிப்பாளர். அவர்கள் சுவாமி மலையின் அடியில் மூழ்கியபோது, செதுக்கிய தூண்களும் கட்டிடக் கற்களும் கடற்தரையில் கிடக்கக் கண்டார்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்கள் அவை. கிளார்க் 1957இல் வெளியிட்ட ‘தி ரீப்ஸ் ஒஃப் தப்ரபேன்’ நூல் அந்தக் கடலை உலகத்துக்குக் காட்டியது.

அந்தக் காலத்தில் நீருக்குள் எடுக்கவென்றே செய்து கடையில் விற்ற சிறு கமரா இல்லை. பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவுக்காக உருவாக்கப்பட்ட கலிப்சோ கமரா 1960களின் தொடக்கத்தில்தான் சந்தைக்கு வந்தது. அதன் வழிவந்த நிக்கோனோஸ் 1963இல். அதற்கு முன் நிலத்தில் பயன்படும் கமராவை நீர்புகாப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. பிலிம் முடிந்தால் மேலே வந்தே மாற்ற வேண்டும். கோயில் ஒன்று கடலுக்குள் போனது என்பதை ஊர் தலைமுறைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லைப் படம் உறுதிப்படுத்திய இடம் இது. அந்த அளவில், தீவின் படப்பிடிப்பு வரலாற்றில் இதற்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும்.

வில்சன் பிறகு இதே கடலடியில் சினிமாவும் எடுத்தார். 1962இல் திரைக்கு வந்த ‘ரன்முத்து தூவ’ முதலாவது முழுநீள வண்ணச் சிங்களப் படம். காமினி பொன்சேகாவும் ஜோ அபேவிக்ரமவும் நடித்த அந்தப் படத்தின் நீரடிக் காட்சிகள் திருகோணமலையில் எடுக்கப்பட்டவை. மூழ்குவதற்கு உகந்த காலம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான். வாடை மழையில் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கொட்டும் வண்டல் நீரைக் கலக்கிவிடும். கலங்கிய நீரில் லென்ஸுக்கு அருகில் பிளாஷை வைத்தால் ஒவ்வொரு துகளும் பனிபோல வெண்புள்ளியாகும். பிளாஷைக் கைநீளத்துக்கு விலக்கிச் சாய்வாக அடிப்பதே வழி.

துறைமுகத்தின் வாயிலருகே தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்கும் பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால், திமிங்கிலங்கள் இங்கே கரைக்கு அண்மையில் வருகின்றன. இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின், 1980களின் தொடக்கத்தில் ‘ரியூலிப்’ என்ற பாய்ப்படகில் ஹால் வைட்ஹெட் குழுவினர் இந்தக் கடலில் ஆய்வு செய்தார்கள். மூழ்கும்போது மேலெழும் வாலின் விளிம்பில் இருக்கும் வெட்டுகளையும் வடுக்களையும் படமெடுத்து, ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அடையாளம் காண்பது அவர்களின் முறைகளில் ஒன்று. அதற்கு அழகான படம் வேண்டியதில்லை. வால் குறுக்காக, விளிம்பு கூர்மையாக, வெயில் படமெடுப்பவரின் முதுகில். ஆடும் படகில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குக் குறையாத வேகம் வேண்டும். இன்று பருவகாலத்தில் சுற்றுலாப் படகுகளில் எடுக்கப்படும் படங்கள்கூட இந்த ஒழுங்கில் இருந்தால் ஆய்வுக்குப் பயன்படும்.

சான்றாக நிற்கும் படத்துக்கு இந்த ஊர் கொடுத்த விலை 2006இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. சுடர் ஒளி நாளேட்டின் பகுதிநேரச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த உடல்களின் படங்கள், அருகிலிருந்து தலையில் சுட்ட காயங்களைக் காட்டின. சுடர் ஒளி அவற்றை அச்சிட்டது. வெடித்துச் சிதறிய காயமும் துப்பாக்கிக் காயமும் ஒன்றல்ல என்பதைப் படித்தவர் படிக்காதவர் எல்லோரும் கண்ணால் கண்டார்கள்.

ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்து நின்றபோது சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். துறைமுகத்தில் தொழில் செய்துகொண்டே பத்திரிகைக்கு எழுதியவர், வயது 35, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவரைக் கொன்றவர்களுக்கு இதுவரை தண்டனை இல்லை. மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப் படையினர் 13 பேரையும், போதிய சான்று இல்லை என்று கூறித் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 ஜூலையில் விடுவித்தது.

சான்றுப் படத்துக்கென்று ஒரு தொழில்நுட்பம் உண்டு. அது செய்திப் படப்பிடிப்பாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. முதலில் இடம் முழுவதையும் காட்டும் படம், அடுத்து பொருளும் அதன் சுற்றமும், அதன்பின் அண்மைப் படம், அதில் அளவு தெரிய ஓர் அடிமட்டம். பிளாஷை நேரே அடித்தால் ஈரமான பரப்பு வெளுத்து விவரம் அழியும். சற்றுச் சாய்த்தால் மேடு பள்ளம் தெரியும். படத்தில் ஒளியையோ நிறத்தையோ பின்னர் மாற்றக்கூடாது, மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒரு கலியாணப் படத்தில் நிழலுக்குள் விவரம் போனால் மனம் வருந்தும். இத்தகைய படத்தில் போனால் உண்மை போகும்.

உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்த பின் படப்பிடிப்பாளரின் வேலைப் பரப்பு விரிந்தது. அதே ஆண்டு திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம், பாதை என்று மக்கள் சொல்லும் மிதவைக்காகக் கருவிப் பெட்டிகளோடு காத்து நின்ற காலத்தை முடித்தது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நிக்காஹ் வேலை நகரத்து ஸ்டூடியோக்களுக்கு இலகுவானது. ஆயினும் கமராவை எங்கும் தூக்க முடியாது. கடற்படைத் தளமும் துறைமுகத்தின் பெரும்பகுதியும் படமெடுக்கத் தடையுள்ள இடங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியே பிரட்றிக் கோட்டை இராணுவ முகாமின் ஊடாகச் செல்கிறது. அங்கே திரியும் மான்களைப் படமெடுக்கலாம், காவலரணை எடுக்க முடியாது. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட வேண்டும், இந்த ஊரில் பாதுகாப்புத் தரப்பின் சம்மதமும் தேவைப்படும்.

ஸ்டூடியோவின் அன்றாடச் சோறு இப்போதும் அடையாள அட்டைப் படமும் கடவுச்சீட்டுப் படமும்தான். சர்வதேச விமானப் போக்குவரத்து அளவுகளுக்கு ஏற்ப, பதிவுசெய்யப்பட்ட ஸ்டூடியோக்களே அவற்றை எடுக்க முடியும் என்ற விதி, கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் வந்த பிறகும் ஸ்டூடியோக்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. முகத்தின் இரு பக்கமும் சம வெளிச்சம், பின்சுவரில் நிழல் இல்லை. இரண்டு விளக்குகளை முகத்துக்கு இரு புறமும் நாற்பத்தைந்து பாகையில் வைத்து, மூன்றாவதைச் சுவருக்குத் திருப்பினால் வேலை முடியும்.

2022இன் பொருளாதார நெருக்கடி இந்தத் தொழிலை நேராகத் தாக்கியது. டொலருக்கு இருநூறு ரூபாவாக இருந்த மாற்று விலை சில மாதங்களில் முந்நூற்று அறுபதைத் தொட்டது; அதற்கு முன்பே, 2020 முதல், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்திருந்தன. உள்நாட்டில் எதுவும் உற்பத்தியாகாத இந்தத் தொழிலில் எல்லாமே டொலர் விலை. மார்ச் இறுதியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நடந்தது. எரிபொருள் வரிசைகளும் சேர்ந்துகொண்டன. புதிய கமராவுக்குக் காத்திருந்தவர்கள் பழையதைத் திருத்தப் பழகினார்கள். இரண்டாம் கைச் சந்தை வளர்ந்தது. பிளாஷை ஓரம் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் உருவப்படம் எடுக்கும் பழைய முறையும் அந்த மாதங்களில் பயன் தந்தது.

எடுத்ததைக் காப்பது தொழிலின் கடைசிப் பகுதி. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோர வீடுகளில் அல்பங்களையும் அடித்துச் சென்றது. கடல்நீர் பட்ட அச்சுப் படத்தை ஒட்டியபடி உலர விட்டால் ஜெலற்றின் படலம் பசையாகி, பிரிக்கும்போது முகம் பிய்ந்து வரும். ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்பி உலர்த்தினால் பெரும்பாலானவை பிழைக்கும். இரண்டு நாளுக்கு மேல் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கோப்புகளுக்கும் இதே கவனம் வேண்டும். கலியாண வேலைக்கு இரண்டு நினைவு அட்டை ஏற்கும் கமரா, அன்றிரவே இரு வன்தட்டுகளில் பிரதி. ஒன்று ஸ்டூடியோவில், மற்றது கடலோரத்திலிருந்து விலகிய வேறு ஊரில்.